டூகி இடது

ட்வைசல்
ஜூன் 14, 1998

அன்புள்ள அக்கா மொய்ராவுக்கு,

இங்கே நான் நலம், வலது முட்டி மட்டும் நலமில்லை. நீயும் உன் விரல்களும் எப்படி இருக்கிறீர்கள்? மீன் வெட்டி வெட்டிக் கை மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தாய். தீவில் கிடைக்கிற களிம்பு எதுவும் உதவாவிட்டால் சொல், இங்கே ஆட்டு மடிக்குத் தடவும் களிம்பு இருக்கிறது, வாசனை தாங்கமுடியாது, ஆனால் கேட்கும்.

குளிர்காலம் தொடங்கியும் பனி இன்னும் சரியாக விழவில்லை. சறுக்குத்தளம் திறக்க இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். திறந்தால் விடியுமுன் எழுந்து பனி நிரவும் வண்டியை ஓட்டவேண்டும். பத்தொன்பதாவது வருஷம். வண்டிக்கும் எனக்கும் ஒரே மாதிரி சத்தம் வருகிறது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் டன்மோர் மலையின் தெற்கு முகத்தில் ஸ்னோபோர்டில் இறங்கப்போகிறேன். வாயைப் பிளக்காதே. எனக்கு நாற்பத்தேழு வயது என்பதை முட்டி தினமும் காலையில் ஞாபகப்படுத்துகிறது. ஃபெர்கஸ் அங்கே இறந்து இந்த நவம்பரோடு மூன்று வருஷம். உன் புருஷன் முடிக்காததை உன் தம்பி முடித்துவிட்டு வரட்டும், அவ்வளவுதான்.

அதற்கு அவனுடைய மஞ்சள் நோட்டு வேண்டும். அந்த முகத்தை அவனைப்போல ஐந்து வருஷம் உட்கார்ந்து பார்த்தவன் யாருமில்லை. எந்த மாதம் எங்கே பனி ஒட்டும், எங்கே பாறை தலைகாட்டும், எல்லாம் அதில் இருக்கிறது. அவன் பையோடு போலீஸார் உன்னிடம்தானே கொடுத்தார்கள்? அடுத்த விமானத்தில் அனுப்பிவிடு.

கீழே பனியாற்றில் நின்று பைனாகுலரில் பார்க்க டெஸ் வருகிறான். தளத்தில் மெக்கானிக். அறுபது வயது, ஒரு காது கேட்காது. "கேக்குற காதுல ரேடியோவ வச்சுக்கறேன், போதுமாடா?" என்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
டூகல்ட்


வைட்டாங்கி, சாத்தம் தீவு
ஜூலை 9, 1998

அன்புள்ள தம்பி டூகிக்கு,

உன் கடிதம் வந்துசேர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. விமானம் இரண்டு முறை தலைக்கு மேல் சுற்றிவிட்டு மூடுபனியில் இறங்கமுடியாமல் திரும்பிப்போய்விட்டது. சத்தம் மட்டும் வந்தது, கடிதம் வரவில்லை.

இங்கே காற்று நலம். அது இவ்வளவு நலமாக இருப்பதால் வேறு யாரும் நலமாக இருக்கமுடியவில்லை. துணி காயப்போட்டால் கொடியில் கிடக்காது, வேலிக்கு அப்பால் பெர்ல் வீட்டில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். போன வாரம் ஒரு வேக்கா சமையலறைக்குள் வந்து சோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பறக்கத் தெரியாத பறவைக்கு இவ்வளவு திருட்டுப்புத்தி. நான் விளக்குமாறோடு துரத்தினேன். பெர்ல் வேலியில் சாய்ந்துகொண்டு, "விட்டுடுடி, சோப்புத் தின்ன வேக்காவச் சமைச்சா நுரைதான் வரும்" என்றாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

விரல்கள் அப்படியே இருக்கின்றன. தொழிற்சாலையில் காலை ஆறு மணிக்கு நின்றால் மாலைவரை நீலக்காட் மீன்தான். களிம்பு வேண்டாம். ஏற்கனவே என் மேல் வீசும் வாசனை போதும்.

போனில் கூப்பிடாதே. தொழிற்சாலை அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் நின்று பேசவேண்டியிருக்கிறது. நீயும் நானும் போனில் வானிலையைத் தவிர எதைப் பேசியிருக்கிறோம்?

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே வந்து ஒன்றரை வருஷமாகிறது, பெட்டிகளை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை.

உன் அக்கா,
மொய்ரா


ட்வைசல்
ஜூலை 26, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

வேக்காவின் நலம் அறிந்தேன். நோட்டின் நலம் பற்றி ஒரு வரியும் இல்லையே? பெட்டிகளைப் பிரிக்கச் சோம்பலாக இருந்தால் மஞ்சள் உறை தெரிகிற பெட்டியை மட்டும் பிரி.

நான் இங்கே திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். சமையலறைச் சுவர் முழுக்க டன்மோர்தான். டெஸ் எடுத்த போட்டோக்களை ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க அலுப்பாக இருக்கிறது, ஆனாலும் பார்க்கிறேன். நவம்பரின் ஈரப்பனிதான் அந்தச் செங்குத்தில் ஒட்டும். அதற்குமேல் நாலு நாள் தெளிந்த வானம் வேண்டும். வடமேற்குக் காற்று வந்தால் எல்லாம் மழையாகிப் போய்விடும். பூட்ஸில் இரும்பு முள் மாட்டி, பலகையை முதுகில் கட்டி, கையில் இரண்டு பனிக்கோடரியோடு ஏறவேண்டும். ஐந்து மணி நேரம் ஏறுவது, இருபது நிமிஷம் இறங்குவது. சமைப்பதும் சாப்பிடுவதும் போலத்தான்.

உனக்குத் தெரியாததா? முகத்தின் மேல் பாதி ஒரே சரிவு. நடுவில் கவட்டில் இரண்டாகப் பிரிகிறது. அதனால்தானே எல்லோரும் அதைக் 'கிழவன் காற்சட்டை' என்கிறோம். ஒன்று முழுக்கால், பனியாறுவரை போகும். மற்றது அரைக்கால், பாதியில் ஒரு விளிம்போடு நின்றுவிடும், அதற்குக் கீழே நூறு மீட்டர் செங்குத்துப் பனிச்சுவர். கீழே நிற்பவனுக்கு எது குட்டை என்று குழந்தைகூடச் சொல்லும் அளவுக்குத் தெரியும். மேலே கவட்டில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான், வெள்ளைத் துணி மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு ஃபெர்கஸின் பையில் ஐம்பது மீட்டர் கயிறுகள் இரண்டு இருந்தன, ஞாபகமிருக்கிறதா? முழுக்காலில் இறங்குகிறவனுக்குக் கயிறு எதற்கு என்று மலையடிக் குடிலில் கேட்டேன். "பழக்கம்டா" என்றான். அவ்வளவு ஜாக்கிரதையானவன். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கமாட்டேன் என்கிறது.

நோட்டை அனுப்பு.

டூகல்ட்


வைட்டாங்கி
ஆகஸ்ட் 30, 1998

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன், உன் தலை நலமா?

உன்னை யார் கேட்டார்கள் அங்கே போகச்சொல்லி? ஃபெர்கஸ் கேட்டானா? நான் கேட்டேனா? நாற்பத்தேழு வயது, ஒரு முட்டி, ஒரு செவிட்டு மெக்கானிக். இதற்குப் பெயர் திட்டம். இங்கே மீன்பிடிக்கப் போகிறவர்கள் கடல் கொந்தளித்தால் வீட்டில் இருக்கிறார்கள். "கடல் நாளைக்கும் இருக்கும்" என்கிறார்கள். மலை மட்டும் ஓடிப்போய்விடுமா உங்களுக்கு?

நான் இந்தத் தீவுக்கு எதற்கு வந்தேன் தெரியுமா? இங்கே மலை இல்லை. மரம்கூட நிமிர்ந்து நிற்பதில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் பனி படர்ந்த எதுவும் கண்ணில் படுவதில்லை. இதற்காகத்தான் வந்தேன். நீ கடிதம் போட்டு அந்தக் காற்சட்டையை என் மேஜை மேல் கொண்டுவந்து விரிக்கிறாய்.

நோட்டு இல்லை. சாமான்கள் கப்பலில் வந்தபோது ஒரு பெட்டியில் கடல்நீர் புகுந்துவிட்டது. அதில் போயிற்று. இதோடு அந்தப் பேச்சை விடு.

களிம்பு அனுப்பியதற்கு நன்றி. வேண்டாம் என்று சொன்னாலும் அனுப்புவாய் என்று தெரியும். கேட்கிறது.

மொய்ரா


ட்வைசல்
செப்டம்பர் 13, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

தலை நலம். முட்டி அதே நிலைமை. நோட்டு போனால் போகட்டும், போட்டோக்களை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன். நீ அழுத்தி எழுதியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. அதனால் அந்தப் பேச்சை விடுகிறேன்.

நேற்று தளத்தில் ஒரு கூத்து. பனி நிரவும் வண்டியைப் பின்னால் எடுக்க டெஸ் வழிகாட்டினான். "இடது, இடது" என்று கத்தினான். நான் திருப்பினேன். கொடிக்கம்பம் சாய்ந்தது. "ஏண்டா, இடதுன்னா இடதுதானே!" என்று குதித்தான். "யார் இடது?" என்றேன். அதற்கு அவன், "இதுக்குத்தான் ஆத்தங்கரை ஆளுங்க மெய் இடதுன்னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, அதுகூட உனக்கு மண்டையில ஏறாதா?" என்றான்.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்குப் பதினைந்து. ஆடுகள் ஆற்றின் இடது கரையில் இருக்கின்றன என்று நான் மலைமேலிருந்து கத்த, நீ நாயைக் கூட்டிக்கொண்டு பனி உருகிய தண்ணீரில் இடுப்பளவு இறங்கிப் போனாய். ஆடு எல்லாம் எதிர்க்கரையில். அப்பா உன்னைப் போர்வையில் சுற்றிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "ஆறு போற பக்கம் மூஞ்சியத் திருப்புடா. அப்ப எது இடதோ அதான் மெய் இடது. நீ எங்க நின்னாலும் ஆத்துக்கு ஒரே இடதுதான். உன் வசதிக்கு மாறாது." அன்றிலிருந்து வீட்டில் யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் 'டூகி இடது' என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

உன் கல்யாணத்தில்கூட. பாதிரியார் மாப்பிள்ளைத்தோழனை இடது பக்கம் நிற்கச்சொன்னார், நான் போய் உன் பக்கம் நின்றேன். ஃபெர்கஸ் சிரித்துச் சிரித்து மோதிரத்தைக் கீழே போட்டான்.

எழுத வந்தது இதுவல்ல. வேறொன்று. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

டூகல்ட்


ட்வைசல்
அக்டோபர் 18, 1998

அக்கா,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. மூடுபனியா, நீயா தெரியவில்லை. நலமாக இரு.

பருவம் முடிந்து தளத்தை மூடிவிட்டார்கள். கையில் வேலை இல்லை, சுவரில் மலை இருக்கிறது. இன்றைக்கு எழுதாவிட்டால் என்றைக்கும் எழுதமாட்டேன்.

அன்று காலை நான் பனியாற்றில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபெர்கஸ் கவட்டுக்கு வந்து நின்றான். ரேடியோவில், "வந்துட்டேன், சொல்லு" என்றான். முழுக்கால் எனக்கு இடது பக்கம் தெரிந்தது. நான் சொன்னேன், "இடது. இடது பக்கம் போ."

மெய் வலது என்று சொல்லியிருக்கவேண்டும். அவனுக்கு அது வலது. நான் என் இடதைச் சொன்னேன், அக்கா.

"சரிடா, இடது" என்றான். சிரித்தான். திரும்பினான், அவனுடைய இடதுக்கு. "அது இல்ல, அது இல்ல" என்று கத்தினேன். ரேடியோவை அதற்குள் சட்டைக்குள் போட்டுவிட்டான். நாலு திருப்பம் அழகாகப் போட்டான். ஐந்தாவதில் பனி மொத்தமாக வழுக்கியது. அவனோடு சேர்ந்து விளிம்பைத் தாண்டிப் போயிற்று.

விசாரணையில் கேட்டார்கள். "மெய் வலதுன்னுதான் சொன்னேன். காத்துல அவனுக்குச் சரியா விழல போல" என்றேன். எழுதிக்கொண்டார்கள். நீ பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வெளியே வந்ததும் எனக்குத்தான் டீ வாங்கிக்கொடுத்தாய். அந்த டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அவன் நோட்டில் எது எந்த இடது என்று எப்படி எழுதியிருக்கிறான் என்று பார்க்கத்தான் கேட்டேன். என் வார்த்தையை அவன் எப்படி எடுத்துக்கொண்டிருப்பான் என்று தெரிந்துகொள்ள. இப்போது அதுவும் வேண்டாம்.

நவம்பர் பத்துவாக்கில் குடிலுக்குப் போகிறோம். கவட்டுவரை திட்டம் தயார். அங்கிருந்து எந்தக் காலில் இறங்குவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது. மூன்று வருஷமாக ஏறிக்கொண்டே இருக்கிற மாதிரி.

பதில் எழுதவேண்டும் என்று கட்டாயமில்லை.

டூகல்ட்


வைட்டாங்கி
நவம்பர் 5, 1998

டூகி,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. இரண்டு வாரம் விமானம் இல்லை. செப்டம்பர் கடிதத்துக்கு நான்தான் பதில் போடவில்லை. அது மூடுபனி அல்ல, நான்.

எனக்குத் தெரியும். நீ விசாரணையில் நின்று பொய் சொன்னபோதே தெரியும். நீ எந்த இடத்தில் நின்றாலும் உன் இடதைத்தான் சொல்வாய், இதற்கு விசாரணை வேண்டுமா? ஆனால் எனக்கு அதற்குமேலும் ஒன்று தெரியும். அதை நீ உட்கார்ந்து படி.

நோட்டு நனையவில்லை. எந்தப் பெட்டியிலும் தண்ணீர் புகவில்லை. விசாரணை அன்று என் மடியில் இருந்த கைப்பைக்குள்தான் இருந்தது. போலீஸ்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, படமும் எண்ணும்தான் இருக்கிறது என்று அதற்கு முந்தின நாள் கொடுத்திருந்தார். பின்னட்டை உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவன் கையெழுத்து, பென்சில். அப்படியே எழுதுகிறேன்:

"அரைக்கால். இதுவரை யாரும் இறங்கியதில்லை. விளிம்பில் பனியில் முளை அடித்து இரண்டு கயிற்றையும் சேர்த்து முடிச்சுப்போட்டால் நூறு மீட்டர் சுவருக்குப் போதும். டூகியிடம் சொன்னால் விடமாட்டான். மொய்ராவிடம் சொன்னால் அழுவாள். கவட்டில் டூகி எப்படியும் இடது என்பான். டூகி இடது என்றால் என் வலது, அது ஊருக்கே தெரியும். நான் என் இடதில் போகிறேன். பிற்பாடு திட்டினால், நீ சொன்ன இடதுதானே என்று சொல்லிக்கொள்ளலாம்."

அவ்வளவுதான். இதுதான் அவன் சிரித்த சிரிப்பு.

உன் வார்த்தை அவனைக் கொல்லவில்லை. நீ என்ன சொன்னாய் என்று அவனுக்குச் சரியாகப் புரிந்தது. உன் தப்பை ஒரு சாக்காக முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தான்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். அழகாகச் சொல்ல எனக்கு வராது. தப்பு உன்னுடையது என்று இருந்தவரை அவன் நல்லவனாக இருந்தான். அந்தத் தாளைக் காட்டினால், என்னிடம் பொய் சொல்லிவிட்டு, என் தம்பி பெயரைச் சாக்காக மடித்து வைத்துக்கொண்டு, காலையில் என்னை முத்தமிட்டுப் போன ஒருவன்தான் எனக்கு மிஞ்சுவான். எனக்கு ஒரு புருஷன் வேண்டியிருந்தது. அதற்கு உன்னை விலையாகக் கொடுத்தேன். நீ மெலிந்துகொண்டே போனதைப் பார்த்தேன். பார்க்கமுடியாமல்தான் கடல் தாண்டி வந்தேன். மலையைச் சொன்னேனே, அது பாதிதான் உண்மை.

நீ முழுக்காலில் இறங்கவேண்டும். அல்லது இறங்கவே வேண்டாம். இந்த அக்கா மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு, உயிரோடு இருந்து படு.

மொய்ரா

நவம்பர் 8: விமானம் வரவில்லை. கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நவம்பர் 10: விமானம் வந்தது, சுற்றியது, போயிற்று. வேலையை விட்டுவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் அலுவலகத்துக்கு ஓடினேன். உன் வீட்டில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சறுக்குத்தளத்துக்கு அடித்தேன். யாரோ ஒரு பெண், "அவங்க ரெண்டு பேரும் நேத்தே கிளம்பிட்டாங்களே" என்றாள். பிறகு மலையைப் பார்த்துக்கொள்ளும் தேசியப் பூங்கா அலுவலகத்துக்கு அடித்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாக் குடிலுக்கும் ரேடியோவில் வானிலை படிப்பார்களே, அந்த ஆள் எடுத்தான். ஒரு செய்தி படிக்கவேண்டும் என்றேன்.

"சுருக்கமாச் சொல்லுங்கம்மா. எல்லாக் குடில்லயும் கேப்பாங்க, அந்தரங்கமான விஷயம்னா யோசிச்சுக்குங்க."

பின்னால் தொழிற்சாலையின் பாதிப்பேர் நின்றிருந்தார்கள். அந்தரங்கம் எங்கே இருக்கிறது? சொன்னேன். எழுதிக்கொண்டான்.

"டூகி இடதுன்னா என்னம்மா?"

"அவனுக்குத் தெரியும். எழுதினபடியே படிங்க. ரெண்டு தடவை படிங்க."

பெர்ல் என் பக்கத்தில் வந்து நின்று மீன்கையோடு என் மீன்கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் எதுவும் தெரியவில்லை.


ட்வைசல்
நவம்பர் 17, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அந்த வார்த்தையை இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதினேன். நீ எப்படி இருக்கிறாய்? சரியாகத் தூங்குகிறாயா? வீடு திரும்பியதும் உன் தொழிற்சாலை அலுவலகத்துக்கு அடித்து "இறங்கிட்டான்னு சொல்லிடுங்க" என்று சொன்னேனே, சொன்னார்களா?

பத்தாம் தேதி ஏழு மணிக்குக் குடிலில் சூப் வைத்துக்கொண்டிருந்தோம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்த இரண்டு பேர் எங்களோடு தங்கியிருந்தார்கள். ரேடியோவில் வானிலை முடிந்தது. நாளை மறுநாள்வரை தெளிந்த வானம். பிறகு அந்தக் குரல், "டன்மோர் குடிலுக்கு ஒரு செய்தி. எனக்கு அர்த்தம் தெரியல, எழுதினபடியே படிக்கிறேன்" என்றது.

"ஃபெர்கஸுக்கு டூகி இடது தெரியும். வேணும்னேதான் குட்டைக் காலில் போனான். நோட்டில் எழுதி வச்சிருக்கான். நோட்டு என்கிட்ட இருக்கு. நீ முழுக் காலில் இறங்கு. அக்கா."

மறுபடியும் ஒருமுறை படித்தது. சூப் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. கிறைஸ்ட்சர்ச்காரர்களில் ஒருவன், "யாருப்பா அந்த டூகி?" என்றான். டெஸ்தான், "இவன்தான். பேசாம சூப்பக் குடி" என்றான். கேட்காத காது ரேடியோ பக்கம் இருந்தும் அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

இப்போது ஒன்று சொல்லவேண்டும். எந்தக் காலில் இறங்குவது என்று முடிவு செய்யவில்லை என்று எழுதினேன். அது பொய். அரைக்கால் என்று முடிவு செய்திருந்தேன். அதனால்தான் நான் கயிறு எடுத்துப் போகவில்லை. டெஸ் என் பையைப் பார்த்துவிட்டு அந்த ராத்திரியே கேட்டான். "கயிறு வேண்டாம், முழுக்கால்ல இறங்கறேன்" என்றேன். அப்போதுதான் அது உண்மையாயிற்று.

பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கவட்டில் நின்றேன். வெயில் விளிம்பில் மட்டும் பட்டது. இரண்டு காலும் ஒரே வெள்ளை. ரேடியோவை அழுத்தி, "வந்துட்டேன், சொல்லு" என்றேன்.

"இடது! இடது பக்கம் போடா!"

"யார் இடது?"

"என் இடதுதான். பைனாகுலர் என்கிட்டதானே இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே நின்று சிரித்தபோதுதான் அவன் மேல் கோபம் வந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவை. பாவி. எவ்வளவு சாதாரணமாக என் பெயரை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டினேன். ரேடியோ அழுத்தினபடியே இருந்திருக்கிறது. டெஸ், "என்னையா திட்டற?" என்றான்.

பிறகு என் வலதுக்குத் திரும்பினேன். அழகாக இறங்கினேன் என்று சொல்லமாட்டேன். நூறு திருப்பம் போடவேண்டிய இடத்தில் பலகையைக் குறுக்கே வைத்துச் சுரண்டிச் சுரண்டி வந்தேன். முட்டி ஒவ்வொரு அடிக்கும் அழுதது. இருபது நிமிஷம் என்று எழுதினேனே, ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பாதியில் பக்கத்து அரைக்காலின் விளிம்பு தெரிந்தது. நின்று பார்த்தேன். ஒன்றுமில்லை, காற்றும் பனியும்தான். கீழே வந்ததும் டெஸ் தெர்மாஸிலிருந்து டீ ஊற்றிக்கொடுத்தான். அது தொண்டையில் நிற்கவில்லை, இறங்கியது.

உன் ஐந்தாம் தேதிக் கடிதம் நேற்றுதான் வந்தது. மூன்று தடவை படித்தேன். உன் மேலும் கோபம் இருக்கிறது, அக்கா. இல்லை என்றால் அதுவும் ஒரு விசாரணைப் பொய்யாகிவிடும். மூன்று வருஷம் சின்ன காலமில்லை. ஆனால் எல்லாக் குடிலும் கேட்க நீ அதைச் சொன்னாய். நான் விசாரணை அறையில் நாலு பேர் முன்னால் சொல்லாததை.

இப்போதாவது நோட்டை அனுப்பு. அந்தத் தாளைக் கிழித்துவிடாதே.

உன் தம்பி,
டூகி


வைட்டாங்கி
டிசம்பர் 3, 1998

அன்புள்ள தம்பி டூகிக்கு,

சொன்னார்கள். தொழிற்சாலையில் மணி அடித்து எல்லோருக்கும் சொன்னார்கள். யாரென்றே தெரியாதவர்கள் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நான் மீனை வெட்டிக்கொண்டே இருந்தேன். அன்று இரவு பத்து மணி நேரம் தூங்கினேன்.

உன் கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். அது உனக்கு வரவேண்டியதுதான். ஃபெர்கஸ் மேல் எனக்கும் இப்போதுதான் கோபம் வர ஆரம்பித்திருக்கிறது. பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை. நீ சொன்ன கெட்ட வார்த்தைகளை நேரில் சொல்லிக்கொடு.

நோட்டை அனுப்பப்போவதில்லை. இதுவரை மூன்று வருஷம் மடியில் வைத்திருந்தேன், இன்னும் ஒரு பயணம் வைத்திருக்கிறேன். பத்தொன்பதாம் தேதி விமானத்தில் இடம் வாங்கிவிட்டேன். பெர்ல் ஒரு பெட்டி நீலக்காட் கட்டிக்கொடுக்கிறாள், டெஸ்ஸுக்கும் சேர்த்து. மூடுபனி விட்டால் மதியம் கிறைஸ்ட்சர்ச்சில் இருப்பேன். விடாவிட்டால் அடுத்த வாரம், அதுவும் இல்லாவிட்டால் அதற்கடுத்த வாரம். நீ ஒவ்வொரு தடவையும் வந்து நில்.

வெளியே வரும் வழியில் கூட்டமாக இருக்கும். கதவுக்கு இடது பக்கம் நில். எந்த இடது என்று கேட்டு எழுதாதே, பதில் வருவதற்குள் நானே வந்துவிடுவேன். நீ எப்போதும் நிற்கிற பக்கம் நில். நான் அங்கேதான் பார்ப்பேன்.

உன் அக்கா,
மொய்ரா